பள்ளியின் உடல்நல, பாலியல் கல்விக் கொள்கையைப் பெற்றோரோடும் ஊராரோடும் சேர்ந்து வகுப்பது எப்படி?

பள்ளிக்கான உடல்நலக் கொள்கையையும் பாலியல் கல்விக் கொள்கையையும் எழுதுகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டுக் கடைசி வாரத்தில் பெற்றோரைக் கூட்டி ஒப்புதல் கேட்பதுதான். முடிந்துபோன ஆவணத்தைக் கையில் வாங்கியவர் தலையாட்டலாம் அல்லது எதிர்க்கலாம். திருத்துவதற்கு அவருக்கு இடமில்லை. தம் பிள்ளையைப் பற்றி வேறு யாரோ ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார்கள் என்ற எண்ணம் ஒருவருக்கு வந்துவிட்டால், பாடத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று அவர் படித்துப் பார்ப்பதே அரிது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2015-இல் புதுப்பிக்கப்பட்ட உடல்நல, பாலியல் கல்விப் பாடத்திட்டம், பெற்றோரைப் போதுமான அளவு கலந்து பேசவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு உள்ளானது. 2018-இல் ஆட்சி மாறியதும் விலக்கப்பட்டது. 2019-இல் பெரும்பாலும் அதே உள்ளடக்கத்தோடு திரும்பி வந்தது. இடைப்பட்ட ஓராண்டில் தொடக்க வகுப்புப் பிள்ளைகள் 1998-ஆம் ஆண்டின் பாலியல் பாடத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. பெரியவர்களின் இழுபறிக்கு விலை கொடுப்பவர்கள் எப்போதும் பிள்ளைகளே என்பதால், முதல் வரி எழுதப்படும் முன்பே ஊராரை உள்ளே அழைத்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன்.

குழுவில் யார் இருக்க வேண்டும்

எல்லாக் கூட்டத்துக்கும் தவறாமல் வரும் நான்கைந்து பெற்றோரை மட்டும் வைத்துக் குழு அமைத்தால், அது ஊரின் குரலாக இராது. சிறு வகுப்பு, நடு வகுப்பு, மேல் வகுப்பு ஆகிய மூன்று நிலைகளிலிருந்தும் பெற்றோர் வேண்டும். பாடத்தை நேரில் நடத்தப்போகும் ஆசிரியர், செவிலியர் அல்லது சுகாதாரப் பணியாளர், மனநல ஆலோசகர், மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையின் தாயோ தந்தையோ ஆகியோரும் இடம்பெற வேண்டும். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகமாகத் துன்புறுத்தலுக்கு ஆளாகிறார்கள். ஆனால் இந்தப் பாடம் நடக்கும்போது வகுப்பிலிருந்து முதலில் வெளியே அனுப்பப்படுபவர்களும் அவர்களே. தந்தையர் வருவதில்லை என்று குறைப்பட்டுக்கொள்வதற்கு முன், கூட்டம் அவர்கள் வேலை முடிந்து வரக்கூடிய நேரத்தில் வைக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

மாணவர் இருவராவது இருக்க வேண்டும், அதுவும் வாக்குரிமையோடு. தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையை ஐ.நா.வின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, தன் 12-ஆவது பிரிவில் பிள்ளைகளுக்கு அளித்திருக்கிறது. இவர்களோடு, இந்தப் பாடமே வேண்டாம் என்று கருதுகிற ஒருவரும் குழுவில் இருப்பது நல்லது. மதிக்கப்படும் சமயப் பெரியவராக அவர் இருந்தால், முதல் கூட்டத்துக்கு முன்பே அவரைத் தனியே சந்தித்து, அவருடைய அச்சத்தை முழுமையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பலர் முன்னிலையில் ஒரு நிலைப்பாட்டை அறிவித்துவிட்ட மனிதருக்கு அதிலிருந்து இறங்கி வருவது கடினம்.

எதைப் பேசி முடிவெடுக்கலாம், எதை அல்ல

இதை முதல் நாளே எழுதி வைக்காத குழுக்கள் பாதி வழியில் உடைந்துபோகின்றன. எந்தப் பாடம் எந்த வகுப்பில், யார் நடத்துவது, ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் சில வகுப்புகளுக்குத் தனித்தனியே அமர்த்துவதா, எந்தப் படங்கள், எந்தச் சொற்கள், பெற்றோருக்கு எத்தனை நாள் முன்னதாகத் தகவல் தருவது ஆகிய அனைத்தும் குழுவின் கையில் இருக்கின்றன. அறிவியல் உண்மைகளை வாக்கெடுப்புக்கு விட முடியாது. துன்புறுத்தலை அடையாளம் கண்டு, நம்பகமான ஒரு பெரியவரிடம் சொல்வதற்குப் பிள்ளைக்குக் கற்றுத் தருவதையும் யாருடைய விருப்பத்துக்கும் விட முடியாது. சட்டம் கட்டாயமாக்கியிருப்பது எது என்பதைத் தலைமையாசிரியர் ஒரு பக்கத்தில் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிட்டால், வீண் வாதம் பெருமளவு குறையும்.

வயதைப் பற்றிய விவாதம் கட்டாயம் வரும். அதற்கு உடலியல் உண்மைகளோடு தயாராக இருக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பூப்பின் மாற்றங்கள் பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்குகின்றன. அப்படியிருக்க, மாதவிடாய் பற்றிய பாடத்தைப் பதினான்கு வயதுக்கு ஒத்திவைப்பது, மழை நின்ற பிறகு குடை கொடுப்பதைப் போன்றது. யுனெஸ்கோ 2018-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதல், பாடப்பொருளை 5 வயதிலிருந்து 18-உம் அதற்கு மேலும் என நான்கு வயதுப் பிரிவுகளாகப் பிரித்துத் தருகிறது. அதைக் குழுவின் முன் விரித்து வைத்தால், ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்லப்படுகிறது என்பதைப் பெற்றோர் தாமே பார்த்துத் தெளிவார்கள். பாலியல் கல்வி பிள்ளைகளை முன்கூட்டியே உடலுறவுக்குத் தூண்டுவதில்லை என்பதையும், ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அதே ஆவணம் தெளிவாகச் சொல்கிறது.

கேள்விப் பெட்டி

கொள்கை எழுதுவதற்கு முன், பூட்டுப் போட்ட ஒரு பெட்டியை இரண்டு வாரம் வகுப்பறைகளுக்கு வெளியே வைத்து, பெயர் எழுதாமல் கேள்விகளைப் போடச் சொல்லுங்கள். கேள்வி இல்லாதவர்களும் வெற்றுத் தாளை மடித்துப் போட வேண்டும் என்று விதித்துவிட்டால், யார் எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாது. நான் இருந்த ஒரு குழுவில் அப்படி வந்த சீட்டுகளை ஆசிரியர் ஒருவர் வேறு தாளில் படியெடுத்தார்; கையெழுத்தை வைத்து யாரும் அடையாளம் காணக்கூடாது என்பதற்காக. பிறகு பெற்றோர் கூட்டத்தில் எந்த முன்னுரையும் இல்லாமல் அவற்றை வாசித்தோம். “எல்லாருக்கும் வந்துவிட்டது, எனக்கு மட்டும் வரவில்லை, எனக்கு ஏதாவது நோயா?” என்று ஒரு சீட்டு. “தூக்கத்தில் விந்து வெளியேறினால் உடம்பில் பலம் குறைந்துவிடுமா?” என்று இன்னொன்று. நான்காக மடித்து, மடிப்பு கிழியும் அளவுக்கு நகத்தால் அழுத்தப்பட்டிருந்த மூன்றாவது சீட்டில் ஒரே வரி இருந்தது: “மாமா மாதிரி இருக்கிறவர் செய்தாலும் அது தப்புதானா?” அதுவரை கைகளைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் அமர்ந்திருந்த ஒரு தந்தை எழுந்து, இந்தப் பிள்ளைக்கு யார் பதில் சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு, பாடம் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சை அந்தக் கூட்டத்தில் யாரும் எடுக்கவில்லை.

ஆனால் அப்படி ஒரு சீட்டு வந்தால், கூட்டம் வரை காத்திருப்பது பெருந்தவறு. பெட்டியை நாள்தோறும் திறக்க வேண்டும். பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆசிரியர் அன்றே நடவடிக்கை தொடங்க வேண்டும்; எங்கே போய் உதவி பெறலாம் என்பதை எல்லா வகுப்புகளிலும் அன்றே அறிவிக்க வேண்டும். இந்த ஏற்பாடு உறுதியாகாமல் பெட்டியை வைக்கவே வேண்டாம். கூட்டத்தில் வாசிக்கும்போதும், ஒரு பிள்ளையை அடையாளம் காட்டிவிடக் கூடிய சீட்டை விலக்கிவிட வேண்டும்.

சொற்களில் நேரம் செலவழியுங்கள்

தமிழில் ‘பாலியல்’ என்ற சொல்லைப் பெரும்பாலான பெற்றோர் குற்றச் செய்திகளில்தான் அறிந்திருக்கிறார்கள். அதனாலேயே அந்தச் சொல்லைக் கேட்டதும் மனம் சுருங்குகிறது. தலைப்பில் ‘வளரிளம் பருவக் கல்வி’ என்று வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் உள்ளே இருப்பதை மறைப்பதற்காக அந்தத் தலைப்பைப் பயன்படுத்தக் கூடாது. ‘சம்மதம்’ என்றால் கல்யாணப் பேச்சு நினைவுக்கு வருகிறது என்று ஒரு தாய் சொன்னபோது, ‘விருப்பம் கேட்டல், வேண்டாம் என்று சொல்லுதல்’ என்று மாற்றினோம். பிள்ளைகளுக்கும் அது உடனே புரிந்தது. உடலுறுப்புகளுக்கு மட்டும் செல்லப் பெயர்களுக்கு இணங்க வேண்டாம். தனக்கு நடந்ததைச் சரியான பெயர் சொல்லி விளக்க முடியாத குழந்தையின் வார்த்தை பெரியவர்களுக்குப் புரியாமலே போய்விடக் கூடும்.

பாடத்தைக் காட்டுங்கள்

ஒரு மாலை, பெற்றோரை மாணவர் இருக்கைகளில் அமர வைத்து, உண்மையான ஒரு பாடவேளையை அதே படங்களோடும் செயல்பாடுகளோடும் ஆசிரியர் நடத்திக் காட்ட வேண்டும். சுருக்கக் குறிப்போ படக்காட்சியோ இதற்கு ஈடாகாது. வதந்தி பரவுவது பார்க்காதவர்களிடத்தில்தான். வர இயலாதவர்கள் பார்ப்பதற்குப் பாடப் பொருட்களின் ஒரு தொகுப்பைப் பள்ளி அலுவலகத்தில் ஆண்டு முழுவதும் வைத்திருக்க வேண்டும்.

அப்படியும் சிலர் தம் பிள்ளையை விலக்கிக்கொள்ள விரும்புவார்கள். நாட்டுக்கு நாடு விதி வேறுபடுகிறது. இங்கிலாந்தில் பாலியல் பாடத்திலிருந்து விலக்கக் கோரலாம், உறவுகள் குறித்த பாடத்திலிருந்தோ அறிவியல் பாடத்திலிருந்தோ கோர முடியாது. வேல்ஸில் 2022-இல் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தில் விலக்கும் உரிமையே இல்லை. விலக்கு அனுமதிக்கப்படும் இடத்தில், படிவத்தை வாங்குவதற்கு முன் ஆசிரியரோடு ஒரு நேர்ச் சந்திப்பு நடக்க வேண்டும் என்றும், விலக்கப்பட்ட பிள்ளை அந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்றும் கொள்கை சொல்ல வேண்டும். வராந்தாவில் தனியே நிறுத்துவது தண்டனை ஆகிவிடும்.

எழுதும்போதும் எழுதிய பிறகும்

வரைவை நான்கைந்து பக்கத்துக்குள் முடிக்கப் பாருங்கள். கழிப்பறையில் தண்ணீரும் தாழ்ப்பாளும், நாப்கினும் அதைப் போட மூடியுள்ள குப்பைக்கூடையும், தடுப்பூசி நாட்கள், கண் மற்றும் பல் பரிசோதனை, மனநல உதவி ஆகியவையும் இதே கொள்கைக்குள் வர வேண்டும். உலகச் சுகாதார நிறுவனமும் யுனெஸ்கோவும் 2021-இல் வெளியிட்ட பள்ளி நலத் தரநிலைகள் எட்டில், பாடத்திட்டம், சுகாதாரச் சேவை, கட்டடச் சூழல், சமூகத்தோடு கூட்டுறவு ஆகியவை தனித்தனித் தரநிலைகளாக இருப்பது இதனால்தான். தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை உள்ள பள்ளியில் மாதவிடாய்ப் பாடம் நடத்தினால் பிள்ளைகள் அதை நம்ப மாட்டார்கள்.

வந்த ஒவ்வொரு கருத்துக்கும் எதிரே, ஏற்கப்பட்டதா இல்லையா, ஏன் என்று எழுதிய பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். தம் கருத்து ஏற்கப்படாதவர்கூட, காரணத்தைப் படித்தால் பொறுத்துக்கொள்கிறார். பதிலே வராதவர் அடுத்த கூட்டத்துக்கு வருவதில்லை. ஆசிரியர் பயிற்சிக்கான நாட்களையும், ஒவ்வொரு பணிக்கும் பொறுப்பானவரின் பதவியையும் கொள்கையிலேயே குறித்து வையுங்கள். ஓராண்டு கழித்து அதே பெட்டியை மறுபடி இரண்டு வாரம் வைத்து, முதல் ஆண்டுச் சீட்டுகளின் படிகளோடு புதியவற்றை அருகருகே வைத்துக் குழு வாசிக்க வேண்டும். திரும்பவும் வந்திருக்கும் கேள்விகள் எவையோ, அவற்றுக்கான பாடங்களிலிருந்து திருத்தத்தைத் தொடங்குங்கள்.