வீட்டு ஸ்டீரியோவில் டி.எஸ்.பி. பொருத்துவது எப்படி? தொடக்கநிலையாளருக்கான செய்முறை

கோலாலம்பூர் அடுக்குமாடி வீடுகளின் கான்கிரீட் சுவர்களும் டைல்ஸ் தரையும் பேஸ் எனப்படும் தாழ்ந்த சுருதி ஒலியை வெளியே விடாமல் அறைக்குள்ளேயே மோதித் திரும்பவைக்கின்றன. செந்தூலில் உள்ள என் வரவேற்பறையின் நீளம் 4 மீட்டர். 30 பாகை வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்கிறது. அதனை நீளத்தின் இருமடங்கான 8ஆல் வகுத்தால் 43.6 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 43.6 அதிர்வுகள், வரும். இந்த அதிர்வெண்ணில்தான் அறை ஒலியைப் பெருக்கிக் காட்டும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் தொடங்குவதால், அதன் முதல் ஃபிரெட்டில் எழும் சுரம் மட்டும் என் வீட்டில் குமுறியது. விலையுயர்ந்த ஸ்பீக்கர் வாங்கினாலும் இந்தக் குமுறல் தீராது, ஏனெனில் குறை அறையில் இருக்கிறது. அதைத் தணிப்பதற்கே, வேண்டிய அதிர்வெண்ணை மட்டும் கூட்டவோ குறைக்கவோ வல்ல எண்முறை ஒலிச் செயலியான டி.எஸ்.பி. உதவுகிறது.

கருவியை இணைப்பதற்கு முன் நாற்காலியைப் பின்சுவரிலிருந்து அரை மீட்டராவது முன்னே இழுத்துப் போடுங்கள். சுவரை ஒட்டி அமர்ந்தால் தாழ்ந்த ஒலி மிகுந்தே கேட்கும்.

டி.எஸ்.பி.க்குரிய இடம், பாட்டு வரும் கருவிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆர்.சி.ஏ. கேபிள்களால் (ஸ்டீரியோ கருவிகளை இணைக்கும் வழக்கமான ஒலிக் கேபிள்கள்) இணையுங்கள், ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளை ஒருபோதும் டி.எஸ்.பி.யின் உள்ளீட்டில் செருகக் கூடாது. மின்சாரம் கொடுக்கும்போது ஆம்ப்ளிஃபயரைக் கடைசியில் இயக்குங்கள், நிறுத்தும்போது அதை முதலில் அணையுங்கள். இணைத்தபின் மின்சாரத்தால் எழும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கேட்டால், கருவிகள் அனைத்துக்கும் ஒரே சுவர்ப் பிளக்கிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். இரைச்சலைப் போக்க எர்த் இணைப்பைத் துண்டிப்பது உயிருக்கு ஆபத்து.

அடுத்தது அளவீடு. காதை மட்டும் நம்பி, டி.எஸ்.பி.யில் அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் வடிகட்டிகளைத் திருகுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். யூமிக்-1 போன்ற யு.எஸ்.பி. அளவீட்டு மைக்கும், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளும் போதும். மைக்கின் வரிசை எண்ணுக்குரிய திருத்தக் கோப்பை (அந்த மைக்கின் பிழைகளைச் சரிசெய்வது) மென்பொருளில் ஏற்றி, மைக்கைக் காது உயரத்தில் நிறுத்துங்கள். மைக் கூரையை நோக்கி இருந்தால் 90 பாகைக் கோப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மின்விசிறியையும் ஏர்கோனையும் அணைத்துவிட்டு, இடது, வலது ஸ்பீக்கர்களைத் தனித்தனியே, தலையைச் சுற்றி ஐந்தாறு இடங்களில் அளந்து சராசரி எடுங்கள்.

மென்பொருள் தரும் வரைபடத்தில், ஒலி மிகுந்த அதிர்வெண்கள் மேடுகளாகவும் குறைந்தவை பள்ளங்களாகவும் தெரியும். மேடுகளை மட்டும் குறையுங்கள். எனக்கு 44 ஹெர்ட்ஸ் அருகே 9 டெசிபல் மேடு இருந்தது. அதே அதிர்வெண்ணில், அதே அகலத்துக்கு ஏற்ற க்யூ மதிப்புடன் (வடிகட்டியின் அகலத்தைக் குறிக்கும் எண்; கூடினால் குறுகும்) ஒரு பாராமெட்ரிக் வடிகட்டி, அதாவது அதிர்வெண், அளவு, அகலம் மூன்றையும் நாமே அமைக்கக்கூடிய வடிகட்டி, வைத்து 7 டெசிபல் குறைத்ததும் குமுறல் அடங்கி, அடுத்தடுத்த சுரங்கள் பிரிந்து கேட்கத் தொடங்கின. பள்ளத்தை நிரப்ப ஆசைப்படாதீர்கள்: நேர் ஒலியும் சுவரில் பட்டுத் திரும்பிய ஒலியும் ஒன்றையொன்று அழிப்பதால் உண்டாகும் பள்ளத்தில் எவ்வளவு கூட்டினாலும் அந்த அழிவும் கூடவே வளரும். 6 டெசிபல் கூட்டுவதற்கு ஆம்ப்ளிஃபயர் நான்கு மடங்கு திறன் தர வேண்டியிருப்பதால், அது வீணே திணறும். 300 ஹெர்ட்ஸுக்கு மேல், தொடக்கத்தில் கை வைக்காமல் இருப்பதே நல்லது; குரலின் இயல்பு எளிதில் கெட்டுவிடும்.

தாழ்ந்த ஒலிக்கென்றே தனியாக உள்ள ஸ்பீக்கரான சப்வூஃபர் இருந்தால், 80 ஹெர்ட்ஸில் ஒலியைப் பிரித்து, அதற்குக் கீழுள்ளதை சப்வூஃபருக்கு அனுப்பி, உங்களுக்கு அருகில் உள்ள ஸ்பீக்கருக்கு, தொலைவு வேறுபாட்டில் 35 சென்டிமீட்டருக்கு 1 மில்லிநொடி வீதம் தாமதம் கொடுங்கள்.

பிறகு மீண்டும் அளந்து, டி.எஸ்.பி.யின் வடிகட்டிகளைப் போட்டும் நீக்கியும் ஒரே பாடலைக் கேளுங்கள். மேடுகளைக் குறைத்ததால் மொத்த ஒலி சற்றுத் தாழ்ந்திருக்கும். உரத்த ஒலியே காதுக்கு இனிமையாகப் படும் என்பதால், இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பின்பே ஒப்பிட வேண்டும்.