குட்டிக் குழந்தைக்கு நீச்சல் வகுப்பு: நாம் சறுக்கும் இடங்கள்

என் மகளுக்கு அப்போது இரண்டேகால் வயது. நீச்சல் வகுப்பில் சேர்க்கப் போன அன்று நான் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாளில் நீந்துவாள்?" "மூன்றே மாதம்" என்றார் பயிற்சியாளர். எனக்கு ஒரே சந்தோஷம். மூன்றாவது வகுப்பில் சொல்லாமல் கொள்ளாமல் அவளைத் தண்ணீருக்குள் முக்கி எடுத்தார். மூக்கில் தண்ணீர் ஏறி, இருமி, அழுது என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் இரண்டு மாதம் வீட்டில் தலைக்குத் தண்ணீர் ஊற்றவே விடவில்லை.

பாதித் தப்பு அவருடையது, பாதி என்னுடையது. கை வீசி, காலுதைத்து, மூச்சையும் அதோடு சேர்த்து நீந்த இந்த வயது உடம்புக்கு வராது; பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்து, ஆறு வயதில்தான் அது கைகூடும். அதற்கு முன்னால் கற்கக்கூடியவை வேறு. பயப்படாமல் முகத்தை நனைப்பது, குமிழி ஊதுவது, மல்லாந்து மிதப்பது, தண்ணீரில் விழுந்தால் திரும்பிச் சுவரைப் பிடிப்பது, அதைப் பிடித்தபடியே நகர்ந்து வெளியே ஏறுவது. "இதையெல்லாம் சொல்லித் தருவீர்களா?" என்றுதான் கேட்டிருக்க வேண்டும். நாள் குறித்துத் தருகிறவரிடம் கொஞ்சம் உஷாராகவே இருங்கள்.

சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் வந்துவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. ஒரு வயதுக்கு முன் தரும் பயிற்சி மூழ்கும் ஆபத்தைக் குறைக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ். ஒன்று முதல் நாலு வயதுக்குள் பழகினால் அந்த ஆபத்து குறையலாம் என்றும் அதுவே சொல்கிறது. கைக்குழந்தையோடு தண்ணீரில் விளையாடுவது தாராளமாகச் செய்யலாம், பயிற்சி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பையாவது கரையில் உட்கார்ந்து முழுதாகப் பாருங்கள். நான் குளத்தின் பளபளப்பைப் பார்த்தேனே தவிர, பயிற்சியாளரைப் பார்க்கவில்லை. அழுகிற குழந்தையிடம் அவர் என்ன செய்கிறார் என்பதுதான் முக்கியம். பிறகு நாங்கள் மாறிப் போன இடத்தில் பயிற்சி தந்த அம்மா ஒரு பிளாஸ்டிக் குவளையோடு படியில் உட்கார்ந்தார். முதலில் தன் தலையில் ஊற்றிக்கொண்டார், அப்புறம் பொம்மைக்கு, அப்புறம் என் தலைக்கு. மகளிடம் குவளையை நீட்டி, "நீயே ஊற்றிக்கிறியா?" என்றார். அன்று அவள் ஊற்றிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் தோளில் ஊற்றிக்கொண்டாள். அரை மணி நேர வகுப்பில் பத்து நிமிடம் இதற்கே போனது. சும்மா காசு போகிறதே என்று உள்ளுக்குள் முணுமுணுத்ததை ஒப்புக்கொள்கிறேன்.

இன்னும் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒரு குழந்தையைத் தூக்கிப் பழக்கும்போது மற்றவர்களை யார் பார்க்கிறார்கள்? மூன்று வயதுக்குள் என்றால் அம்மாவோ அப்பாவோ கூடவே இறங்கும் வகுப்பே நல்லது. அடுத்தது தண்ணீரின் சூடு. போட்டிக் குளங்களின் தண்ணீர் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். சின்ன உடம்பு அதில் சீக்கிரம் குளிர்ந்துவிடும். 31, 32 டிகிரி என்றால் சௌகரியம். உதடு நீலம் பாரித்தாலோ நடுங்கினாலோ வகுப்பு பாதியில் இருந்தாலும் வெளியே தூக்கிவிடுங்கள். நடுங்குகிற குழந்தைக்கு எதுவும் மண்டையில் ஏறாது.

காற்றடைத்த கைப்பட்டைகளை நம்பாதீர்கள். அவை குழந்தையைச் செங்குத்தாக நிற்க வைக்கின்றன. நீந்தவோ மிதக்கவோ உடம்பு படுக்கையாக இருக்க வேண்டும். அதைவிட மோசம், பட்டை இல்லாத நாளிலும் தான் மிதப்போம் என்று குழந்தை நினைத்துக் குதித்துவிடும். காற்று இறங்கலாம், கையிலிருந்து கழன்றும் போகலாம். அவை உயிர்காப்புச் சாதனமே அல்ல.

சாதாரண டயப்பர் தண்ணீரை உறிஞ்சி மூட்டையாகிவிடும். நீச்சலுக்கென்றே உள்ளதைப் போடுங்கள். அதுவும் கிருமியை முழுதாகத் தடுக்காது. வயிற்றுப்போக்கு இருந்தால் குளத்துப் பக்கமே போகக் கூடாது. "குளோரின்தான் கொன்றுவிடுமே" என்பார்கள்; கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி குளோரின் கலந்த தண்ணீரிலும் பல நாள் உயிரோடு இருக்கும். நீச்சல் உடை வாங்கும்போது நீலத்தைத் தவிருங்கள். தண்ணீருக்குள் அது கண்ணுக்கே தெரியாது. பளிச்சென்ற ஆரஞ்சு நல்லது.

கடைசித் தவறு, வகுப்புக்குப் போகிறாள் என்பதால் கண்ணை எடுத்துவிடுவது. மூழ்குகிற குழந்தை பெரும்பாலும் கத்தாது, கையை ஆட்டாது. சத்தமே இல்லாமல் ஓரிரு நிமிடத்தில் எல்லாம் நடந்துவிடும். கையெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும், போனைப் பார்க்காமல். ஒரு நாள் வகுப்பு முடிந்து மகளைப் படியில் உட்கார வைத்துவிட்டு, துண்டெடுக்க நாலடி தள்ளிப் போனேன். திரும்பினால், பொம்மையை எட்டிப்பிடிக்க மறுபடி தண்ணீரில் கால் வைத்திருந்தாள். இப்போதெல்லாம் துண்டைப் படியோரமாக வைத்த பிறகுதான் இறங்குகிறேன்.