கூட்டை மறைக்கும் இலையை வெட்டாதீர்கள்

போன வாரம் எங்கள் தெருத் தம்பி ஒருவர் கைபேசியில் ஒரு படம் காட்டினார். செம்பருத்திக்குள் கொண்டைக்குருவிக் கூடு, அதில் செம்புள்ளி தெளித்த மூன்று முட்டைகள். "இவ்வளவு வெளிச்சம் எப்படிக் கிடைச்சுது?" என்று கேட்டேன். "மறைச்சுக்கிட்டு இருந்த ரெண்டு கிளையை வெட்டிட்டேண்ணே" என்றார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பல வருஷங்களுக்கு முன் நானும் இதையேதான் செய்தேன்.

தோட்டத்தில் கூடு கட்டும் பறவைகளுக்கு நாம் தெரியாமல் செய்யும் தவறுகள் சிலவற்றைச் சொல்கிறேன். பூனை, பூச்சிமருந்து பற்றியெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கூட்டைத் திறந்து வைப்பது

அன்று எங்கள் வீட்டு நந்தியாவட்டையில் கூடு இருந்தது. ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரியட்டும் என்று ஒரே ஒரு கிளையை நறுக்கினேன். குஞ்சு பொரித்த மூன்றாம் நாள், பங்குனி வெயில் நேராகக் கூட்டுக்குள் விழுந்தது. தாய் இரை தேடப் போகாமல் சிறகை விரித்து, வாயைப் பிளந்தபடி குஞ்சுகளுக்கு நிழலாக நின்றது. மறுநாள் காலை காகம் வந்துவிட்டது. கூடு சரிந்து கிடந்தது. அதன் பிறகும் இரண்டு நாள் அந்தப் பறவை அலகில் புழுவோடு வந்து மதில்மேல் உட்கார்ந்து பார்த்தது. இன்றைக்கும் யாராவது கூட்டருகே கத்தரிக்கோலோடு போனால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பறவை அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பதே இலைக்காகத்தான். வெயிலுக்கு நிழல், காகத்துக்கும் செம்போத்துக்கும் மறைப்பு. இரண்டையும் தருவது அந்த நான்கைந்து இலைகள்தாம். வெட்டாமல் விலக்கிப் பார்த்தாலும் ஆபத்துதான். நாம் அடிக்கடி போய் நிற்கும் இடத்தைக் காகம் கவனிக்கும். நம்மைக் கண்டு தாய் பதறிக் கத்துவதும் கூட்டைக் காட்டிக்கொடுக்கும்.

அடைகாக்க ஏறத்தாழ இரண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம். அந்த ஒரு மாதம் செடியைத் தொடாதீர்கள். தண்ணீரை வேரில் மட்டும் ஊற்றுங்கள். பார்க்க ஆசையா? வீட்டுக்குள்ளிருந்து பைனாகுலரில் பாருங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதன் பட்டியலில் உள்ள பறவைகளின் கூட்டைக் கலைப்பதையும் வேட்டையாகவே கணக்கில் எடுக்கிறது.

சரி, வெட்டியாகிவிட்டது, என்ன செய்வது? தாய் இரைக்குப் போன நேரம் பார்த்து, பக்கத்துக் கிளையைக் கூட்டுப் பக்கம் இழுத்துச் சணலால் கட்டிவிட்டு உடனே விலகிவிட வேண்டும். தம்பியிடம் அதைத்தான் சொன்னேன். அன்றைக்கே கட்டிவிட்டார்.

சுருண்ட இலையைக் கிள்ளுவது

நோய் என்று நினைத்துக் கிள்ளுமுன் இலையைக் கீழிருந்து பாருங்கள். ஓரத்தில் துளையிட்டு, பஞ்சும் சிலந்தி நூலும் கோத்துத் தைத்திருந்தால் அது தையல்சிட்டின் வீடு.

ஒட்டடை முழுவதையும் அடிப்பது

தேன்சிட்டு கூட்டைக் கட்டித் தொங்கவிடுவதே சிலந்தி நூலால்தான். தோட்டத்து மூலையில் கொஞ்சம் விட்டுவையுங்கள்.

கூடு கட்ட நைலான் நூல் போடுவது

போடாதீர்கள். குஞ்சின் காலில் சுற்றி இறுக்கும்.

சிட்டுக்குருவிப் பெட்டியை மேற்குச் சுவரில் மாட்டுவது

மாலை வெயிலில் உள்ளே குஞ்சு வெந்துபோகும். நிழல் விழும் சுவரில், கூரை விளிம்புக்குக் கீழே மாட்டுங்கள். துளை 32 மில்லிமீட்டர் போதும். முன்னால் உட்காரக் குச்சி வேண்டாம். குருவிக்கு அது தேவையில்லை, காகத்துக்குத்தான் உதவும்.

அப்புறம், அரிசி மட்டும் தூவினால் போதாது. பெரிய குருவி தானியம் தின்றாலும் குஞ்சுக்குப் புழு பூச்சிதான் ஊட்டும். அதனால் செடிகளில் கொஞ்சம் புழு இருக்கட்டும்.

தரையில் நிற்கும் குஞ்சை வீட்டுக்குள் கொண்டுவருவது

இறகு முளைத்துத் தத்தித் தத்திப் போனால், அது பறக்கப் பழகுகிறது. தாய் அருகில்தான் இருக்கும், நாயும் பூனையும் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். இறகே இல்லாத குஞ்சு விழுந்து கிடந்தால் மெதுவாக எடுத்துக் கூட்டில் வையுங்கள். மனிதர் கை பட்டதற்காகத் தாய் ஒதுக்காது.