ஐரோப்பாவுக்கு நேரடியாக விற்கும் சிறு நிறுவனம்: தரவுப் பதிவேட்டை அமைப்பது எப்படி?

கரூரில் நெய்த மேசைவிரிப்புகளையும் திரைச்சீலைகளையும் எங்கள் இணையக் கடை வழியாக ஜெர்மனிக்கும் நெதர்லாந்துக்கும் விற்கிறோம். தனிநபர் தரவைப் பாதுகாக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் சட்டம் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருந்தபோதிலும், ஒரு வாடிக்கையாளர் தம் விவரங்கள் அனைத்தையும் அழிக்குமாறு கேட்டு எழுதிய பிறகுதான் அது எங்களையும் கட்டுப்படுத்துகிறது என்பது எனக்கு உறைத்தது. அந்த ஒரு மின்னஞ்சலுக்குச் சரியான பதில் எழுத மூன்று வாரங்கள் ஆயின. யாருடைய தரவை எதற்காக வைத்திருக்கிறோம் என்று குறித்துவைக்கும் தரவுப் பதிவேட்டை அமைப்பதே இந்தப் பதிவின் நோக்கம். குக்கி அறிவிப்பும் தனியுரிமைக் கொள்கைப் பக்கமும் உங்களிடம் ஏற்கெனவே உள்ளன என்று கொண்டு மேலே செல்கிறேன்.

படி 1: சட்டம் பொருந்துகிறதா என்று பாருங்கள்

தளம் ஐரோப்பாவில் திறக்கிறது என்பது மட்டும் போதாது. யூரோவில் விலை, ஜெர்மன் மொழிப் பக்கம், அங்கே அனுப்பும் வசதி ஆகியவை இருந்தால், கடை எந்த நாட்டில் இருந்தாலும் 3ஆம் பிரிவின்படி சட்டம் பொருந்தும்.

படி 2: பதிவேட்டைத் திறங்கள்

இதற்கெனச் சந்தா கட்டி வாங்கும் மென்பொருள் எதுவும் சிறு கடைக்குத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சிஎன்ஐஎல் இலவசமாகத் தரும் மாதிரிப் பதிவேட்டை லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற இலவச விரிதாள் மென்பொருளில் திறந்து நிரப்பினாலே போதும். யாருடைய தரவு, எதற்காக, யாரிடம் கொடுக்கிறோம், எவ்வளவு காலம் வைத்திருக்கிறோம் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரிசை எழுதுங்கள். கூரியர் நிறுவனத்துக்குப் போகும் முகவரியை மறந்துவிடாதீர்கள்.

படி 3: சட்ட அடிப்படை

தரவை வைத்திருக்கச் சட்டம் ஏற்கும் காரணமே சட்ட அடிப்படை; பதிவேட்டின் ஒவ்வொரு வரிசையிலும் அதையும் எழுத வேண்டும். நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். நம் ஜிஎஸ்டி சட்டம், ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்களுக்கு விலைப்பட்டியல்களைப் பாதுகாக்கச் சொல்கிறது. ஆகவே விலைப்பட்டியலுக்கான வரிசையில் ‘சட்டக் கடமை’ என்று எழுதி, அதையே காரணம் காட்டி அழிக்க மறுத்துப் பதில் தயாரித்தேன். ஆனால் ஜிடிபிஆரின் 6ஆம் பிரிவு சொல்லும் சட்டக் கடமை, ஐரோப்பிய ஒன்றியமோ அதன் உறுப்பு நாடோ விதித்த கடமை மட்டுமே. இந்தியச் சட்டம் அதில் அடங்காது. ஒரு நாடு வைத்திருக்கச் சொல்ல, மற்றொரு நாடு அதைக் காரணமாக ஏற்க மறுக்கும் இந்த இடைவெளியின் சுமை முழுவதும் சிறு வணிகர் தலையில்தான் விழுகிறது என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

இதற்கான வழி, ‘நியாயமான நலன்’ (நம் வணிகத்துக்கு உள்ள நியாயமான தேவை) என்ற அடிப்படையைத் தேர்ந்து, வரித் தணிக்கைக்கு அந்த ஆவணம் ஏன் இன்றியமையாதது என்பதைப் பதிவேட்டிலேயே இரண்டு வரிகளில் எழுதி வைப்பது. விலைப்பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு, தொலைபேசி எண், செய்திமடல் பட்டியல், கடைக் கணக்கு ஆகிய மற்றவற்றை அழித்து, அதை வாடிக்கையாளருக்கு ஒரு மாதத்துக்குள் தெரிவித்துவிடுங்கள்.

படி 4: பிரதிநிதி

தொடர்ந்து விற்பவர்கள், 27ஆம் பிரிவின்படி ஒன்றியத்துக்குள் ஒரு பிரதிநிதியை, அதாவது வாடிக்கையாளர்களும் ஆணையங்களும் தரவு பற்றித் தொடர்புகொள்ள நம் சார்பில் இருப்பவரை, எழுத்து மூலம் நியமிக்க வேண்டும். எப்போதாவது விற்பவர்களுக்கு மட்டும், அதுவும் நிபந்தனையுடன், விலக்கு உண்டு.

பிற்சேர்க்கை: 250 பேருக்குக் குறைவான பணியாளர்கள் இருந்தால் பதிவேடே வேண்டாமே என்று வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். 30ஆம் பிரிவில் அந்த விலக்கு இருக்கிறது. ஆனால் தரவைக் கையாள்வது எப்போதாவது நிகழ்வதாக இருந்தால்தான் அது செல்லும். நாள்தோறும் ஆர்டர் எடுக்கும் கடைக்கு அது உதவாது. பிரிட்டனுக்கும் விற்கிறோம் என்று எழுதியவர் அங்கே தனியாக இன்னொரு பிரதிநிதியை நியமிக்க வேண்டியிருக்கும். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகியதால், 2021 தொடக்கத்திலிருந்து ஒன்றியத்துப் பிரதிநிதியின் நியமனம் அந்நாட்டுக்குப் பொருந்தாது.