எஞ்சினை ஏற்றினால் காற்றைக் குடித்த புரொப்பெல்லர்

என் பாஸ் படகில் (பாஸ் மீன் பிடிக்கும் வேகப் படகு) எஞ்சினைக் கால் அங்குலம் ஏற்றினாலே போதும், வளைவில் ஆர்.பி.எம். திடீரென எகிறும், படகு மட்டும் தொய்ந்துவிடும். நேராகப் போகும்போதும் அவ்வப்போது இதே கதை. நான்கு நாள் இதிலேயே போயிற்று.

முதலில் புரொப்பெல்லரின் நடுவே தண்டோடு இணைக்கும் ரப்பர் ஹப் வழுக்குகிறதோ என்று சந்தேகம். ஹப்பையும் வெளிக்குழலையும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போட்டு ஓட்டினேன். கோடு நகரவே இல்லை. அப்புறம் பிட்ச், அதாவது ஒரு சுற்றில் முன்னேறும் கணக்குத் தூரம், 2 அங்குலம் குறைந்த புரொப்பெல்லரை மாட்டினேன். ஓர் அங்குலத்துக்கு 150 முதல் 200 ஆர்.பி.எம். கூடும் என்ற கணக்கு சரியாகவே வந்தது. ஆனால் முழுத் திராட்டிலில் எஞ்சின் உச்ச வரம்பைத் தாண்டப் பார்த்தது, புரொப்பெல்லர் காற்றை இழுப்பதோ அப்படியே இருந்தது. பழையதையே திரும்ப மாட்டினேன்.

படகை டிரெய்லரில் ஏற்றிப் பின்னால் குனிந்து பார்த்தபோதுதான் பிடிபட்டது. மீன் தேடும் கருவியின் சென்சார், புரொப்பெல்லரின் நடுக்கோட்டிலிருந்து வெறும் 6 அங்குலம் தள்ளி, படகின் அடிமட்டத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது. அது கிளப்பும் நுரைத் தண்ணீர் நேராக இலைகளுக்குள் போகிறது! எஞ்சின் தாழ்வாக இருந்தவரை கீழே சுத்தமான தண்ணீர் கிடைத்ததால் இது தெரியவில்லை.

சென்சாரை 16 அங்குலத்துக்கு நகர்த்தி, பழைய துளைகளை மரைன் சீலண்ட்டால் அடைத்தேன். பிறகு எஞ்சினை ஏற்றி இறக்கும் ஜாக் பிளேட்டில் கால் அங்குலமாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் அழுத்த மானியைப் பார்த்தேன். நான்காவது படியில் அழுத்தம் விழுந்தது. ஒரு படி இறக்கி நிறுத்திவிட்டேன். டேங்க் நிறைய எரிபொருள், லைவ்வெல்லில் (பிடித்த மீனை உயிரோடு வைக்கும் தொட்டி) தண்ணீர் என வழக்கமான சுமையோடுதான் இதெல்லாம். காலிப் படகில் கிடைக்கும் உயரம் வேறு. அப்பாடா, அதே பழைய புரொப்பெல்லர், இப்போது வளைவிலும் பிடியை விடவில்லை.