'இல்லை' என்று புள்ளடி போட முதல்

"அண்ணை, எல்லாத்துக்கும் 'இல்லை' எண்டு போட்டுவிடுங்கோ, காசு குறையும்." போன கிழமை அம்மாவின் பயணக் காப்புறுதிப் படிவத்தை நிரப்பும்போது, ரொறன்ரோவிலிருந்து ஒரு மகன் வாட்ஸ்அப்பில் என்னிடம் சொன்னது இது. அவருடைய அம்மா எனக்கு முன்னால் பிளாஸ்டிக் கதிரையில் இருக்கிறார். மடியில் சொப்பின் பை, பைக்குள் கிளினிக் கொப்பி, கொப்பிக்குள் பாதி முடிந்த மெட்ஃபோர்மின் என்ற சீனி மருந்து அட்டை. பத்து வருசமாகச் சீனி வருத்தம், ஆறு வருசமாகப் பிரஷர், படிவத்தில் மட்டும் சுகதேகி.

நான் புதுக்குடியிருப்பில் கொமினிகேசன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, பாஸ்போர்ட் படிவம், விசாப் படிவம், பயணக் காப்புறுதி எல்லாம் இந்த ஒரு கம்பியூட்டரில்தான். எந்தக் காப்புறுதிக் கம்பனிக்கும் நான் ஏஜென்ட் இல்லை, யாரும் கமிசன் தருவதில்லை, அதனால் மனதில் பட்டதைச் சொல்லலாம். பேரப்பிள்ளையைப் பார்க்க, மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்க, கலியாணத்துக்கு என்று வன்னியிலிருந்து போகிறவர்கள் பலர் காப்புறுதியை விசாவுக்கு வைக்கிற இன்னொரு பேப்பராகத்தான் பார்க்கிறார்கள். விசா அதிகாரி அந்தப் பேப்பரை ஒரு நிமிசம் பார்ப்பார். நாளைக்கு ஆஸ்பத்திரி பில் வந்தால் கம்பனிக்காரர் அதை வரி வரியாகப் பார்ப்பார். அந்த இரண்டாவது ஆளை மனதில் வைத்துக்கொண்டு எடுங்கள்.

முதலில் போகிற நாடு என்ன கேட்கிறது என்று பாருங்கள். பிரான்ஸ், ஜெர்மனி, சுவிஸ், நோர்வே போன்ற செங்கன் நாடுகளுக்குக் குறுகிய கால விசா எடுக்கக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். அது எல்லாச் செங்கன் நாட்டிலும் செல்ல வேண்டும், தங்கும் நாள் முழுவதற்கும் இருக்க வேண்டும், அவசர சிகிச்சையும், நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவும், இறந்தால் உடலைக் கொண்டுவரும் செலவும் அதற்குள் வர வேண்டும். கனடா சுப்பர் விசா, அதாவது அங்கே இருக்கிற பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கும் பேரன் பேத்தியைப் பார்க்கப் போகிறவர்களுக்குமான நீண்டகால விசா என்றால் குறைந்தது ஒரு வருசத்துக்கு, 100,000 கனேடிய டொலருக்கு. முந்தி கனேடியக் கம்பனியில்தான் எடுக்க வேண்டும் என்று இருந்தது, 2025 ஜனவரியிலிருந்து அந்த நாட்டு நிதிக் கண்காணிப்பு அலுவலகத்தின் அனுமதி உள்ள வெளிநாட்டுக் கம்பனியிலும் எடுக்கலாம். அவுஸ்திரேலியாவுக்கு விசாக் கடிதத்தில் 8501 என்ற நிபந்தனை இருந்தால் தங்கும் காலம் முழுக்க மருத்துவக் காப்புறுதி கட்டாயம்.

லண்டனுக்கும் சாதாரணக் கனடா விசிட் விசாவுக்கும் காப்புறுதி கேட்பதில்லை. சனம் கைவிடுவது இங்கேதான். "லண்டனில் ஆஸ்பத்திரி ஃப்ரீதானே" என்று ஒருவர் சொல்வார், நாலு பேர் தலையாட்டுவார்கள். இங்கிலாந்தில் அவசரப் பிரிவில் பார்ப்பதற்குக் காசில்லை என்பது உண்மை, ஆனால் வார்டில் மறித்துப் படுக்கவைத்தார்கள் என்றால் விசிட் விசாவில் போனவருக்கு வழமையான கட்டணத்தின் ஒன்றரை மடங்கில் பில் வரும். 500 பவுண்சுக்கு மேல் கட்டாமல் இரண்டு மாதம் விட்டால் அடுத்த விசாவுக்கும் அது குறுக்கே நிற்கும். எனவே, கேட்காத நாட்டுக்கும் எடுங்கள்.

இனி, என்னென்ன வருத்தம் இருக்கிறது என்று கேட்கிற அந்த 'ஆம், இல்லை' பக்கம். ஆறுதலாக இருந்து நிரப்ப வேண்டியது இதுதான்.

சீனி, பிரஷர், கொலஸ்ரோல், இருதயம், தொய்வு (ஆஸ்துமா) எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். எழுதினால் கட்டணம் கூடும், சில பொலிசி அந்த வருத்தத்தை ஒரேயடியாக விலக்கியும் வைக்கும். ஆனால் மறைத்தால் நடப்பது வேறு. அம்மா அங்கே பனியில் சறுக்கி இடுப்பு எலும்பு முறிகிறது என்று வையுங்கள், அதற்கும் சீனிக்கும் சம்பந்தமில்லை என்று நாங்கள் நினைப்போம், கம்பனி முதலில் கேட்பது பழைய மருத்துவப் பதிவுகளை. அதில் மெட்ஃபோர்மின் இருக்கும், படிவத்தில் 'இல்லை' இருக்கும், முழுப் பொலிசியும் செல்லாது என்று சொல்ல அவர்களுக்கு அது போதும்.

கனடாப் பொலிசிகளில் இன்னொன்று இருக்கிறது. ஏற்கெனவே உள்ள வருத்தத்துக்கும் காப்பு உண்டு என்பார்கள், ஆனால் பயணத்துக்கு முந்திய 90 நாளோ 180 நாளோ அந்த வருத்தம் மாறாமல் ஒரே நிலையில் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு வரி கிடக்கும். மாறாமல் என்றால் நோய் கூடாமல் என்று மட்டும் நினைக்காதீர்கள். மருந்தின் அளவு மாறினாலும் பல பொலிசியில் அது மாற்றம்தான். கிளிநொச்சி கிளினிக்கில் டொக்டர் போன மாதம் பிரஷர் மருந்தான அம்லோடிபினை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக்கியிருப்பார், அம்மா அதை ஒரு விசயமாகவே மகனுக்குச் சொல்லியிருக்க மாட்டார், அப்புறம் அங்கே போய் நெஞ்சு நோ வந்தால் அந்த 5க்கும் 10க்கும் இடையில்தான் கிளெய்ம் மாட்டிக்கொள்ளும். அதற்காக மருந்தை மாற்ற வேண்டாம் என்று டொக்டரிடம் போய்ச் சொல்லாதீர்கள், மாற்றினால் கம்பனிக்கு எழுத்தில் அறிவியுங்கள். பயணத் தேதியைத் தள்ளிப்போட முடிந்தால் அந்த நாள்கணக்கு முடிந்த பிறகு போகலாம். கிளினிக் கொப்பியின் எல்லாப் பக்கத்தையும் போனில் படமெடுத்துப் பிள்ளைக்கு அனுப்பிவிடுங்கள், அங்கே படிவம் நிரப்புவது பிள்ளை, வருத்தம் இங்கே.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு விசயத்தையும் சொல்ல வேண்டும். உடம்பில் பீஸ் இருக்கிறவர்கள். 2009 போரில் பட்ட செல் (எறிகணை) துண்டு முதுகிலோ தொடையிலோ அப்படியே கிடக்கும், நோ இல்லை, மருந்து இல்லை, ஆள் தோட்டம் செய்கிறார், கேட்டால் "அது கிடக்கட்டும்" என்பார். படிவத்தில் முந்திய காயம், சத்திரசிகிச்சை என்று கேட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுக்க முதல் உடம்பில் உலோகம் இருக்கிறதா என்று கேட்பார்கள், அப்போது எப்படியும் வெளியே வரும். கடைக்கு வந்த ஒரு ஐயா படிவத்தில் எழுதுவதற்குத் தயங்கினார், எழுதினால் வேறு கேள்வி வருமோ என்று. காப்புறுதிப் படிவம் கேட்பது காயத்தை, காயம் எப்படி வந்தது என்பதை அல்ல; "பழைய காயம், உலோகத் துண்டு உடம்பில் உண்டு, சிகிச்சை இல்லை" என்று ஒரு வரி எழுதினோம். பழைய எக்ஸ்றே இருந்தால் கையில் கொண்டுபோங்கள், ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது தந்த பேப்பர் முள்ளிவாய்க்காலோடு போய்விட்டது என்றால் இங்கே ஒரு புது எக்ஸ்றே எடுத்து வைப்பது பெரிய செலவில்லை.

பேப்பர் தொலைந்தவர்களுக்கு இன்னொன்று. பிறப்புச் சான்றிதழ் இடம்பெயர்வில் போய், பிறகு எடுத்ததில் தேதி மாறி, அடையாள அட்டையில் ஒன்று, கிளினிக் கொப்பியில் இன்னொரு பெயர் என்று இருக்கிறவர்கள் இங்கே நிறைய. பொலிசியில் பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். வயது கூடக் கூடக் கட்டணம் ஏறும், அதனால் ஒரு வருசத்தைக் குறைத்துப் போடுவோமே என்று யோசிக்காதீர்கள்.

சரி, இந்தக் காலத்துக்கு வருவோம். எப்போது எந்த வான்வழி மூடும் என்று தெரியாமல் டிக்கெட் போடுகிற காலம். 2020 மார்ச்சில் தொற்றுநோயால் கட்டுநாயக்கா விமான நிலையம் மூடியது, 2025 ஜூன் 23 இரவு போரால் கட்டார் தன் வான்வழியை மூட டோகா வழியாகப் போனவர்கள் எல்லாம் அங்கங்கே நின்றார்கள். எங்கள் ஆட்கள் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போவது பெரும்பாலும் டோகா, டுபாய் வழிதான். காப்புறுதி இதற்குக் காசு தருமா என்றால் பெரும்பாலும் தராது. ஏறக்குறைய எல்லாப் பொலிசியிலும் போர் விலக்கப்பட்டிருக்கும். பொலிசிப் புத்தகத்தில் 'விலக்குகள்' என்ற பக்கத்தை முதலில் திறந்து போர், உள்நாட்டுக் கலவரம், தொற்றுநோய் என்ற மூன்றையும் தேடுங்கள். சில பொலிசி போரால் வரும் மருத்துவச் செலவைத் தராது, சிலது பயணம் ரத்தாவதற்கும் தராது, இரண்டும் வேறு வேறு.

அதோடு, செய்தியில் வந்த பிறகு எடுத்த பொலிசி அந்தச் செய்திக்கு உதவாது. சூறாவளி வருகிறது என்று வானிலைத் திணைக்களம் சொன்ன பிறகோ, விமான ஊழியர் வேலைநிறுத்தம் என்று அறிவித்த பிறகோ எடுத்தால் அது தெரிந்த விசயம், காசில்லை. அதனால் டிக்கெட் போட்ட அன்றே எடுங்கள். விசா மறுத்தால் மறுப்புக் கடிதத்தைக் காட்டிக் கட்டிய காசைத் திருப்பி எடுக்க முடிகிற பொலிசியாகப் பார்த்தால் முந்தி எடுப்பதில் நட்டமில்லை. திரும்பும் விமானம் ரத்தாகி அங்கேயே நிற்க வேண்டி வந்தால் காப்புறுதி தானாக நீளுமா, எத்தனை நாள், என்றும் கேளுங்கள். கேட்டதற்குப் பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள், போனில் சொன்னது காற்றோடு போய்விடும்.

காப்புறுதி தராததை விமானக் கம்பனி தர வேண்டியிருக்கலாம். ஐரோப்பிய ஒன்றிய நாட்டிலிருந்து புறப்படும் விமானம் எந்தக் கம்பனியுடையதாக இருந்தாலும், ரத்தானால் காசையோ மாற்று விமானத்தையோ தர வேண்டும், காத்திருக்கும்போது சாப்பாடும் தங்க இடமும் தர வேண்டும் என்று 2004ஆம் ஆண்டின் 261ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. போர் என்றால் நட்டஈடுதான் கிடைக்காது, சாப்பாடும் தங்குமிடமும் உண்டு. கொழும்பிலிருந்து வளைகுடா விமானத்தில் போகும்போது இந்தச் சட்டம் பொருந்தாது. ஒன்று மட்டும் செய்யுங்கள், மலிவு என்று இரண்டு துண்டாக டிக்கெட் போடாதீர்கள். முதல் விமானம் பிந்தி இரண்டாவது போய்விட்டால் இரண்டு கம்பனியும் கையை விரிக்கும்.

மாரியில் போகிறவர்கள் எங்கள் ரோட்டையும் கணக்கில் வைக்க வேண்டும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்ந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணீருக்குள் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளத்தால் விமானத்தைத் தவறவிட்டால் தரும் காப்பு சில பொலிசியில் உண்டு, பொதுப் போக்குவரத்தில் வந்தால் மட்டும் என்று அதற்குள் ஒரு நிபந்தனை இருக்கும், நாங்கள் போவது வாடகைக்கு வான் வண்டி பிடித்து. நவம்பர், டிசம்பர் என்றால் ஒரு நாள் முந்திப் போய் நீர்கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் படுங்கள்.

இந்தியாவுக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்கள் பயணக் காப்புறுதியை நம்ப வேண்டாம், திட்டமிட்ட சிகிச்சைக்கு அது தராது. கோயிலுக்குப் போகிறீர்கள் என்றால் சின்னப் பொலிசி போதும். காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் போனால் கடல் காலநிலையால் ரத்தாவது சேருமா என்று கேளுங்கள்.

கட்டணத்தைக் குறைக்க நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. பில்லில் முதல் இத்தனை டொலரை நாங்களே கட்டுகிறோம் என்று ஒத்துக்கொள்வது. 500, 1,000 என்று அது கூடக் கட்டணம் குறையும். பிள்ளைக்கு அந்தக் காசைப் புரட்ட முடியும் என்றால் எடுக்கலாம். அங்கே போய் எடுப்போம் என்று விடுவது மோசம், போன பிறகு எடுத்தால் வருத்தத்துக்கான காப்பு தொடங்க இரண்டு மூன்று நாளாவது காத்திருக்க வேண்டி வரும்.

உடலைக் கொண்டுவரும் செலவைப் பற்றிப் பேச யாருக்கும் விருப்பமில்லை, பயணம் போகிற வீட்டில் ஏன் அந்தக் கதை என்பார்கள். ஆனால் ஊர்மண்ணில்தான் என்று நினைக்கிற ஆட்கள் நாங்கள். அந்த வரிக்கு நேரே எவ்வளவு தொகை என்று பாருங்கள், மொத்தக் காப்பு பெரிதாக இருந்தும் அதற்கு மட்டும் தனி எல்லை சின்னதாக இருக்கலாம்.

என் பெரியம்மா பாரிசில் படியில் விழுந்தபோது வீட்டில் எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள், பொலிசியில் இருந்த உதவி இலக்கத்துக்கு மூன்றாம் நாள்தான் யாரோ போன் எடுத்தார்கள். 24 மணித்தியாலத்துக்குள் அறிவிக்கவில்லை என்று கம்பனி பாதியைக் கழித்தது. பிழை எங்கள் பக்கம், பொலிசி பெரியம்மாவின் சூட்கேசுக்குள் சேலைக்கு அடியில் இருந்தது. அதற்குப் பிறகு கடையில் படிவம் நிரப்ப வருகிற ஒவ்வொருவருக்கும் உள்ளங்கை அளவு அட்டை ஒன்று அடித்துக் கொடுக்கிறேன். பெரிய எழுத்தில் உதவி இலக்கம், பொலிசி இலக்கம், வருத்தம், மருந்தின் பெயரும் அளவும், பிள்ளையின் போன், அடியில் அந்த நாட்டு மொழியில் "தயவுசெய்து இந்த இலக்கத்துக்கு அழைக்கவும்". பாஸ்போர்ட்டுக்குள் ஒன்று, கைப்பைக்குள் ஒன்று. அச்சடிக்கக் காசு வாங்குவதில்லை, லமினேற் பண்ண மட்டும்தான்.