சாக்கெட் ஒன்றுதான், ஆனாலும் ஓடாது: புராசசர் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி தன் பழைய பி250 மதர்போர்டையும் புதிதாக வாங்கிய ஐ5-8400 புராசசரையும் கொண்டுவந்து வைத்தான். "அண்ணா, ஃபேன் சுத்துது, ஸ்க்ரீன்ல ஒண்ணும் வரல." எனக்குப் பகீரென்றது. இதே ஜோடியில் நானும் பணத்தை விட்டிருக்கிறேன். தெர்மல் பேஸ்ட் தடவ மறப்பது போன்றவற்றை யாரும் சொல்லித் தருவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

சாக்கெட்டை மட்டும் பார்த்து வாங்குவது

இன்டெல்லின் ஆறாம் தலைமுறை முதல் ஒன்பதாம் தலைமுறை வரை சாதாரண டெஸ்க்டாப் புராசசர்களுக்கு சாக்கெட், அதாவது போர்டில் புராசசர் உட்காரும் இடத்தின் பெயர் எல்ஜிஏ1151தான். ஓரத்து வெட்டுகளும் அதே இடத்தில். ஐ5-8400 பி250 போர்டில் கச்சிதமாக உட்காரும், லீவரும் சுலபமாக இறங்கும். ஆனால் ஓடாது. 2017இல் வந்த எட்டாம் தலைமுறையில், முன்பு சும்மா விட்டிருந்த பின்கள் சிலவற்றை மின்சாரம் கொடுக்க எடுத்துக்கொண்டார்கள். அதற்கு எச்310, பி360, இசட்370 போன்ற 300 வரிசை சிப்செட் (புராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும், போர்டிலேயே இருக்கும் சிப்) வேண்டும். எச்110, பி250 எல்லாம் ஏழாம் தலைமுறையோடு சரி.

இது தெரியாமல் நான் இரண்டு ராத்திரி ராமை மாற்றி மாற்றிச் செருகினேன், பவர் சப்ளையை மாற்றினேன், பயாஸ் (கணினியைத் துவக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) பேட்டரியைக் கழற்றினேன். கடைசியில்தான் அந்த போர்டில் எந்தெந்தப் புராசசர் ஓடும் என்று சொல்லும் சிபியு சப்போர்ட் லிஸ்ட்டைத் திறந்தேன். எட்டாம் தலைமுறைக்கு ஒரு வரிகூட இல்லை. ஐந்து நிமிட வேலையை வாங்கும் முன்பே செய்யாததால் புது போர்டு வாங்க வேண்டியதாயிற்று. "சாக்கெட் பொருந்தினா போதும்" என்று யாராவது சொன்னால் இன்றும் கோபம் வருகிறது.

லிஸ்ட்டில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பயாஸ் பதிப்பையும் பாருங்கள். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் போர்டுகளில் இது ரொம்ப முக்கியம். பழைய புராசசர் போர்டில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். கழற்றிய பிறகு பல போர்டுகளில் அதற்கு வழியிருக்காது.

ஐ7 என்றாலே ஐ5ஐ விட வேகம் என்று நம்புவது

லேப்டாப்பில் வரும் ஐ7-7500யுவில் 2 கோர் (வேலை செய்யும் மூளை). அதே தலைமுறை டெஸ்க்டாப் ஐ5-7400இல் 4.

ஏஎம்டியின் ரைசனில் முதல் எண்ணோடு நிறுத்துவது

லேப்டாப் 7000 வரிசையில் மூன்றாவது எண்தான் உள்ளே இருப்பது எந்தத் தலைமுறை ஜென் வடிவமைப்பு என்று சொல்லும். 7520யு ஜென் 2, 7640யு ஜென் 4.

இன்டெல்லில் கடைசி எஃப்பைக் கவனிக்காதது

பெயர் எஃப் என்று முடிந்தால் புராசசருக்குள் கிராபிக்ஸ் இருக்காது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லையென்றால் வாங்காதீர்கள்.

தம்பியின் புராசசரைக் கடையில் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அவன் போர்டில் இப்போது ஐ7-7700 ஓடுகிறது. லிஸ்ட்டில் அந்தப் பெயரை அவனையே தேடிக் கண்டுபிடிக்க வைத்தேன்.